லாரி ஏன் அங்கே நிற்கிறது? அறிகுறியை வைத்துத் தெருவின் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

புதிதாக வடிவமைத்த தெருவைத் திறந்த முதல் வாரம் எல்லாம் வரைபடத்தில் போட்டபடியே இருக்கும். இரண்டாம் வாரம் ஒரு லாரி சைக்கிள் தடத்தில் நிற்கும். மூன்றாம் மாதம் முனையில் விளிம்புக்கல் உடைந்து கிடக்கும். "டிரைவர்களுக்கு ஒழுங்கே கிடையாது" என்ற பேச்சு உடனே கிளம்பிவிடும். ஒருவர் ஒருநாள் செய்தால் அது அவர் தவறு. வெவ்வேறு நிறுவனங்களின் டிரைவர்கள், ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள், தினமும் அதே இடத்தில் அதே தவறைச் செய்கிறார்கள் என்றால் தெருவைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் தெருவில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன்னால் எல்லோருக்கும் பொதுவான ஒரு வேலை இருக்கிறது.

முதலில் ஒருநாள் நின்று எண்ணுங்கள்

ஒரு தாளும் பேனாவும் போதும். கடைகள் திறப்பதற்கு முன்பே போய்விடுங்கள். பல தெருக்களில் சரக்கு வரத்து மிகுதியாக இருப்பது அப்போதுதான். ஒவ்வொரு சரக்கு வண்டிக்கும் ஒரு வரி: வந்த நேரம், போன நேரம், வண்டியின் நீளம் எத்தனை தப்படி, எங்கே நின்றது, அந்த நேரத்தில் சரக்கு இறக்குமிடம் காலியாக இருந்ததா, பொருள் எதில் போனது (கையிலா, தள்ளுவண்டியிலா, சரக்கை அடுக்கி மொத்தமாக நகர்த்தும் தட்டான பேலட்டிலா), எந்தக் கதவுக்குப் போனது.

கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். வழக்கமான பார்க்கிங் கணக்கெடுப்பில் அவை இருக்காது, அதனால்தான் அந்தக் கணக்கெடுப்பு இங்கே உதவுவதில்லை. கார்க்காரருக்கு வண்டியை நிறுத்தியதும் வேலை முடிந்தது. சரக்குக்காரருக்கு அப்போதுதான் தொடங்குகிறது. வண்டியின் கதவு திறப்பதில் தொடங்கி, உள்ளே ஒருவர் கையெழுத்துப் போடும் வரை நீளும் பாதை முழுவதையும் நாம் வடிவமைத்தாக வேண்டும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நகரச் சரக்கு ஆய்வுக்கூடம் இதற்குக் "கடைசி 50 அடி" என்று பெயர் வைத்திருக்கிறது. பொருத்தமான பெயர்; நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்த வண்டி திணறுவது அந்த 50 அடியில்தான்.

குப்பை லாரி, வீடு மாற்றுபவர்களின் வண்டி, லிஃப்ட் பழுது பார்க்க வந்தவரின் வேன் ஆகியவற்றையும் எண்ணுங்கள். பழுது பார்ப்பவர் மணிக்கணக்கில் நிற்பார். இறக்குமிடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பல நேரம் அவர் வேன்தான்.

அறிகுறி: இறக்குமிடம் இருக்கிறது, வண்டிகள் நடுத்தெருவில் நிற்கின்றன

அதிகம் காதில் விழும் புகார் இதுதான். கீழே சொல்லும் வரிசையிலேயே சோதியுங்கள். மாற்றிச் செய்தால் காசு வீணாகும்.

இடம் காலியாக இருந்ததா என்று உங்கள் தாளைப் பாருங்கள். காலியாக இல்லை, கார்கள் நின்றன என்றால் பலகையில் எழுதிய நேரம் சரியா என்று முதலில் பாருங்கள். சரக்கு காலை 6 முதல் 9 வரை வருகிறது, பலகையோ 10 மணிக்கு மேல்தான் இடத்தை ஒதுக்குகிறது என்றால் கார்க்காரர் மேல் தவறில்லை. மறுபக்கமும் உண்டு: தேவையே இல்லாத இரவு நேரத்திலும் இடத்தைப் பூட்டி வைத்தால் அந்த விதியை யாரும் மதிக்க மாட்டார்கள். பாரிஸில் இதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். சில இறக்குமிடங்களைத் தரையில் ஒற்றைக் கோட்டால் குறிக்கிறார்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே கார் நிற்கலாம். இரட்டைக் கோடு போட்டவை எப்போதும் சரக்குக்கு மட்டும்.

கார் இல்லை, வேலை முடிந்தும் சரக்கு வண்டிகளே நகராமல் நிற்கின்றன என்றால் நேரத்துக்கு விலை வையுங்கள். நியூயார்க்கின் மிட்டவுன் மன்ஹாட்டனில் சரக்கு வண்டிகளுக்கு மணிக்கு மணி ஏறும் கட்டணத்தைக் கொண்டுவந்தபோது, ஒரு வண்டி நிற்கும் சராசரி நேரம் 160 நிமிடத்திலிருந்து சுமார் 45 நிமிடத்துக்கு இறங்கியது. இடத்தின் நீளம் ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை. ஆனால் மூன்று வண்டிகளுக்கு மேல் நிற்க வழி பிறந்துவிட்டது.

இடம் காலி, ஆனாலும் வண்டி அதற்குள் போகவில்லையா? நீளத்தை அளந்து பாருங்கள். ஒரு கார் நிற்கும் ஆறு மீட்டரில் வேறு நிறத்தைப் பூசி "சரக்குக்கு மட்டும்" என்று எழுதிவிடுவது எங்கும் நடப்பதுதான். இரண்டு அச்சுப் பெட்டி லாரி ஒன்று 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கத்தில் சரக்கை ஏற்றி இறக்கும் தட்டான டெயில் லிஃப்ட் கீழே இறங்க இன்னும் ஒன்றரை, இரண்டு மீட்டர். அதிலிருந்து தள்ளுவண்டியை இறக்கித் திருப்ப மேலும் இரண்டு. வெளியே எடுக்க முன்னால் கொஞ்சம். கூட்டினால் 12, 13 மீட்டரைத் தொடும். அதற்குக் குறைந்தால் பார்சல் வேன்தான் நிற்கும்.

அடுத்து, உள்ளே நுழையும் விதம். முன்னும் பின்னும் கார் நிற்க, நடுவில் ஓர் இறக்குமிடம். பின்னால் போக்குவரத்து ஹாரன் அடிக்க, எந்த லாரி டிரைவரும் ரிவர்ஸ் எடுத்து அதற்குள் நுழைய மாட்டார். சந்திப்பைத் தாண்டியவுடன் தெரு தொடங்கும் இடத்தில் இறக்குமிடத்தை வைத்தால் மூக்கை நேராக உள்ளே விட்டு நின்றுவிடலாம். கடக்கும் கோட்டை மட்டும் வண்டி மறைக்காதபடி சில மீட்டர் தள்ளிப் போடுங்கள்.

பிறகு கீழே பாருங்கள். சாதாரண விளிம்புக்கல்லின் உயரம் சுமார் 15 சென்டிமீட்டர். பொருள் நிரம்பிய, சக்கரம் வைத்த கம்பிக்கூண்டை அதன் மேல் ஏற்ற ஒருவரால் முடியாது. ஏற்றினாலும் முதுகு போய்விடும். அதனால் அவர் வண்டியை எங்கே நிறுத்துவார்? சக்கர நாற்காலிக்காக முனையில் போட்ட சரிவுக்கு நேர் எதிரே. "எப்போது பார்த்தாலும் சரிவை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்" என்ற புகாரின் வேர் இதுதான். இறக்குமிடத்தின் பின்முனையில் அதற்கென்றே ஒரு சரிவு போட்டால் இரண்டு புகார்களும் ஒன்றாகத் தீரும். மரக்குழி, பெஞ்ச், விளக்குக் கம்பம் ஆகியவை சரிவிலிருந்து கதவுக்குப் போகும் வழியை அடைக்கின்றனவா என்றும் பாருங்கள். ஐரோப்பியத் தரப் பேலட் 80 சென்டிமீட்டர் அகலம், 120 நீளம். அதைத் திருப்பவும், எதிரே வருபவர் ஒதுங்கவும் ஒன்றரை மீட்டராவது வேண்டும்.

கடைசியாகத் தூரம். கையில் ஒரு பார்சல் என்றால் 100 மீட்டரும் நடப்பார்கள். பேலட் என்றால், என் கணக்கில், 50 மீட்டருக்கு மேல் இருக்கும் இடம் இல்லாத இடம்தான். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போக வேண்டியிருந்தால் 20 மீட்டரும் அதிகம்.

அபராதத்தை இதுவரை பேசவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். பெரிய நிறுவனங்களுக்கு அபராதம் டீசல் செலவுபோல ஒரு வரவுசெலவுத் தலைப்பு. அபராதத்தை எதிர்த்து வாதாடுவதில்லை என்று ஒப்புக்கொள்ளும் நிறுவனங்களுக்குத் தொகையைக் குறைத்து மொத்தமாக வசூலிக்கும் ஏற்பாடே நியூயார்க் நகரில் உண்டு. நிற்பதற்குச் சரியான இடத்தைக் கொடுத்த பிறகு போடும் அபராதம் வேலை செய்யும். அதற்கு முன் போடுவது வரி.

சரியானதா என்று பார்க்க அதே தாளோடு இன்னொரு நாள் நில்லுங்கள். எத்தனை அபராதம் விழுந்தது என்பதை விட்டுவிட்டு, வந்த சரக்கில் எத்தனை பங்கு இறக்குமிடத்தில் இறங்கியது என்று எண்ணுங்கள்.

அறிகுறி: முனையில் விளிம்புக்கல் உடைகிறது, கம்பம் சாய்கிறது

டயர் தடத்தைப் படியுங்கள். வளைவின் உட்பக்கம், அதுவும் வளைவு முடியும் இடத்தில் கருப்புத் தடம் இருந்தால், முன்சக்கரம் சரியாகப் போய்ப் பின்சக்கரம் உள்ளே வெட்டியிருக்கிறது. நீள வண்டிகளின் இயல்பு அது. தடமே இல்லாமல் கம்பம் மட்டும் சாய்ந்திருந்தால் இடித்தது சக்கரம் அல்ல. அச்சுக்கு முன்னாலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருக்கும் உடம்பு, அல்லது கண்ணாடி. அதற்குக் கம்பத்தை அரை மீட்டர் உள்ளே தள்ளினால் போதும். வளைவைத் தொட வேண்டாம்.

உட்பக்கத் தடத்தைப் பார்த்ததும் பொறியாளர்கள் கை தானாக நீளுவது வளைவின் ஆரத்தைக் கூட்டத்தான். அவசரப்படாதீர்கள். ஆரம் கூடினால் கார்களும் வேகத்தைக் குறைக்காமல் திரும்பும், நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் நீளும். நாளுக்கு இரண்டு லாரிகளுக்காக நாள் முழுக்க நடப்பவர்களைத் தண்டிக்கும் வைத்தியம் அது.

இரண்டு வண்டிகளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று தினமும் பலமுறை வருவது. அது தன் தடத்திலேயே திரும்ப முடிய வேண்டும். மற்றது எப்போதாவது வருவது: நீள டிரெய்லர், தீயணைப்பு வண்டி. அது மெதுவாக, எதிர்த் தடத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பினால் குடி முழுகிவிடாது. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கமான நாக்டோவின் வழிகாட்டிகளில் இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கிறது. பெரிய வண்டிக்கு இடம் தரும் சில்லறை வழிகள் பல உண்டு. திரும்பி நுழையும் தெருவில், சந்திப்பை நோக்கி வரும் வண்டிகள் நிற்கும் கோட்டைச் சில மீட்டர் பின்னால் தள்ளுங்கள். லாரி அந்தக் காலி இடத்தை எடுத்துக்கொள்ளும். முனையருகே பார்க்கிங்கை எடுத்துவிடுங்கள். கல்லின் ஆரம் சிறிதாகவே இருந்தாலும் சக்கரம் பெரிய வட்டத்தில் போகும். அதுவும் போதாதென்றால் முனையைச் சுற்றிப் பெரிய சக்கரம் ஏறிப் போகக்கூடிய, சொரசொரப்பான தாழ்ந்த மேடை ஒன்றைப் போடலாம். ஆனால் அது நடைபாதைபோலத் தெரிந்துவிடக் கூடாது. பார்வையற்ற ஒருவர் கைத்தடியால் தொட்டு, அது நிற்கும் இடம் என்று நம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கணினியில் வளைவைப் போட்டுப் பார்ப்பது சரிதான். அதைவிட, ஒரு விடியற்காலை கூம்புகளை வைத்து உண்மையான லாரியையும் தீயணைப்பு வண்டியையும் ஓட்டிப் பாருங்கள். டிரைவர் இறங்கி வந்து சொல்லும் இரண்டு வார்த்தை எந்த மென்பொருளிலும் வராது.

அறிகுறி: இறக்குமிடத்தில் தார் பள்ளம் விழுகிறது

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து வந்த கணக்கு: அச்சின் மேல் எடை இரட்டித்தால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. நிற்கும் லாரி அதே எடையை ஒரே புள்ளியில் வெயிலில் வைத்துக்கொண்டிருக்கிறது. மேலே ஒட்டுப் போடாதீர்கள். அந்த 13 மீட்டருக்குக் கான்கிரீட் போடுங்கள்.

அறிகுறி: சைக்கிள் தடத்தில் வண்டி

பெரும்பாலும் இது முதல் அறிகுறியின் மறுவேடம். அந்தச் சோதனைகளை முடித்துவிட்டு வாருங்கள்.

அதன் பிறகும் தீராவிட்டால் வரிசையைப் பாருங்கள். வேலையின் வரிசையைச் சொல்கிறேன். முதலில் கம்பம் நட்டுத் தடத்தை அடைத்துவிட்டு, இறக்குமிடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், லாரி ஓடும் தடத்தில் நிற்கும்; அதைச் சுற்றிக்கொண்டு வரும் கார்கள் எதிர்த் தடத்தில் ஏறும். இறக்குமிடம் முதலில், கம்பம் பிறகு.

சைக்கிள் தடம் நடைபாதையை ஒட்டியும், இறக்குமிடம் அதற்கு வெளியேயும் இருந்தால், பொருள் தடத்தைக் கடந்துதான் போக வேண்டும். பக்கக் கதவைத் திறக்கவும், ஆள் நின்று தள்ளுவண்டியைத் திருப்பவும் இடையில் ஒரு பட்டை விடுங்கள். கடக்கும் இடத்தில் தடத்தை நடைபாதை உயரத்துக்கு ஏற்றிவிட்டால் இரண்டு வேலை ஒன்றாக நடக்கும்: சக்கரம் தடையில்லாமல் உருளும், சைக்கிள்காரர் வேகத்தைக் குறைப்பார். இறக்குமிடத்துக்குள் நுழைய லாரி சைக்கிள் தடத்தை வெட்டித் திரும்பும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள். உயர்ந்த கேபினிலிருந்து பக்கவாட்டில் இருப்பவரைப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்காகவே லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு நேர்ப்பார்வைத் தரம் வைத்திருக்கிறார்கள்; கேபினிலிருந்து டிரைவருக்கு நேராக எவ்வளவு தெரிகிறது என்பதற்கு நட்சத்திரம் கொடுப்பது அது. 2024 அக்டோபரில் அதைக் குறைந்தது மூன்று நட்சத்திரமாக உயர்த்தினார்கள்; அதை எட்டாத வண்டிகள் கூடுதல் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்தியாக வேண்டும்.

அறிகுறி: இரவில் சத்தம் என்று புகார்

பழைய வழக்கு இது. ஜூலியஸ் சீசர் காலத்து ரோமில், பகலின் பெரும்பகுதியில் பாரவண்டிகள் ஊருக்குள் ஓடக் கூடாது என்று சட்டம் இருந்தது. பகல் நெரிசல் தீர்ந்தது, இரவுத் தூக்கம் போனது.

இரவில் இறக்குவதன் பலன் பெரிது. பார்சிலோனாவில் ஒரு பேரங்காடி நிறுவனம் செய்த சோதனையில், பகலில் வந்த ஏழு சிறிய லாரிகளின் வேலையை இரவில் இரண்டு 40 டன் லாரிகள் முடித்தன. அதனால் புகார் வந்தவுடன் இரவு அனுமதியை ரத்து செய்துவிடாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தச் சத்தம்?"

இன்ஜின் என்று பதில் வருவது குறைவு. கற்கள் பதித்த தரையில் கம்பிக்கூண்டின் சக்கரம் கடகடப்பது, டெயில் லிஃப்ட்டின் இரும்புத் தட்டு தரையில் மோதுவது, ரிவர்ஸ் அலாரம், குளிர்பெட்டியின் மோட்டார், இழுத்து மூடும் ஷட்டர், டிரைவரின் ரேடியோ. ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து உண்டு. ரப்பர் சக்கரம், தட்டில் மெத்தென்ற விரிப்பு, "பீப்" என்று கத்தாமல் "ஷ்ஷ்" என்று இரையும் அலாரம், குளிர்பெட்டிக்குச் சுவரில் மின்சாரச் செருகி. தெரு வடிவமைப்பவரின் பங்கு, இறக்குமிடத்திலிருந்து கதவு வரை மழமழவென்ற ஒரு பட்டை. அழகுக்காகப் பதித்த கருங்கல்லை அந்த வழியில் மட்டும் விட்டுக்கொடுங்கள். அளவுகோல் வேண்டுமானால் நெதர்லாந்தின் பீக் தரம் இருக்கிறது: இரவு 11 முதல் காலை 7 வரை, 7.5 மீட்டர் தூரத்தில் சத்தம் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது.

புகாரே இல்லை, ஆனால் இரவில் யாரும் வருவதும் இல்லை என்றால் லாரி நிறுவனத்தோடு பேசிப் பயனில்லை. 2009-10-இல் நியூயார்க்கில் ஹோசே ஹோல்கின்-வெராஸ் என்ற பேராசிரியர் தலைமையில் நடந்த சோதனை இதைத் தெளிவாக்கியது. எந்த நேரத்தில் பொருள் வர வேண்டும் என்று தீர்மானிப்பவர் அதை வாங்கிக்கொள்பவர்தான். கொண்டுவருபவர் சொன்ன நேரத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். இரவில் வாங்கிவைக்க ஆள் போடுவது கடைக்காரருக்குச் செலவு. நம்பிக்கையான டிரைவரிடம் சாவி கொடுப்பது, அல்லது வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் பொருளை வைத்துவிட்டுப் போக ஓர் அறை ஒதுக்குவது என்று ஆளில்லாமலே இறக்க வழி செய்தால் நேரம் தானாக நகரும்.

அறிகுறி: நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிய பின் ஓரத் தெருக்கள் அடைத்துக்கொள்கின்றன

நேரக் கட்டுப்பாட்டைப் பாருங்கள். காலை 7 முதல் 10 வரை மட்டும் வண்டி வரலாம் என்று இந்தப் பகுதி சொல்கிறது. பக்கத்துப் பகுதியும் அதையே சொல்கிறது. ஒரே லாரி மூன்று பகுதிக்கும் அந்த மூன்று மணி நேரத்தில் போக முடியாது. ஆகவே நிறுவனம் மூன்று வண்டி அனுப்பும். வண்டியைக் குறைக்கப் போட்ட விதி வண்டியைப் பெருக்குவது இப்படித்தான். பெரிய லாரிக்குத் தடை போட்டால் அதே சரக்கு நாலைந்து வேன்களில் வருவதும் இதே கணக்கு. பகுதிக்குப் பகுதி நேரத்தை மாற்றி வையுங்கள், அல்லது நேரத்தை நீட்டுங்கள்.

ஓரத்தில் நல்ல நீளமான இறக்குமிடங்களும், அங்கிருந்து சரக்கு சைக்கிளில் எடுத்துப்போக ஒரு சிறு கிடங்கும் இருந்தால் பார்சல்களைச் சமாளிக்கலாம். பேலட்டுகளை அதில் அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் ஒரு பேலட்டை அவரையே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: பெரிய லாரி சின்னத் தெருவில் சிக்குகிறது

எச்சரிக்கைப் பலகை எங்கே இருக்கிறது? தெருவின் வாயிலில் என்றால் தாமதம். திரும்பிப் போக வழி இருக்கும் கடைசிச் சந்திப்புக்கு முன்னால் இருக்க வேண்டும். டிரைவர் பார்ப்பது காருக்கான வழிகாட்டி ஆப் என்றால் அதற்குப் பாலத்தின் உயரம் தெரியாது. பலகையை மட்டும் நம்பவும் முடியாது: அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல உயர ரயில் பாலம் ஒன்று, மின்னும் எச்சரிக்கைகள் இருந்தும், பல ஆண்டுகள் லாரிகளின் கூரையை உரித்துக்கொண்டிருந்தது. 2019-இல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் மோதல் நிற்கவில்லை.

அறிகுறி: வண்டி சரியான இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் முக்கால் மணி நேரமாக நகரவில்லை

இப்போது தெருவை விட்டு உள்ளே போங்கள். டிரைவரோடு கூடவே நடந்து கடிகாரம் பாருங்கள். வாயிலில் பதிவேடு, சரக்கு லிஃப்ட்டுக்குக் காத்திருப்பு, பத்தாவது மாடியில் ஆளில்லாத மேசை. சியாட்டிலில் ஒரு பலமாடி அரசு அலுவலகத்தில் எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தக்கூடிய பொதுப் பெட்டகத்தைக் கீழ்த்தளத்தில் வைத்துச் சோதித்தபோது, பொருள் கொடுப்பவர் கட்டடத்துக்குள் செலவிடும் நேரம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. தெருவில் எதையும் இடிக்காமல் கிடைத்த இறக்குமிடம் அது.

வெளியே வரும்போது கட்டடத்தின் சொந்தச் சரக்குத் தளத்தையும் எட்டிப் பாருங்கள். அனுமதி வாங்கும்போது வரைபடத்தில் இருந்த தளம் இப்போது குப்பைத் தொட்டிகள் வைக்கும் அறையாகியிருக்கலாம். அல்லது நுழைவாயில் 3 மீட்டர் உயரத்தில் இருக்கலாம். பெரிய பெட்டி லாரி 4 மீட்டரைத் தொடும். முதலாவதைக் கட்டட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தீர்க்கலாம். இரண்டாவதைத் தீர்க்க முடியாது. அந்த லாரிகள் தெருவில்தான் நிற்கும் என்று ஒப்புக்கொண்டு, தாளை எடுத்து, அவற்றுக்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்று எழுதுங்கள். முதலில் பெயின்ட்டிலும் கூம்பிலும் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அளவு பிடித்த பிறகு கான்கிரீட் ஊற்றலாம்.